ஹலோ சொல்லும் ரவுட்டர்!

தெருவைத் தோண்டிய எந்தப் புண்ணியவானோ, எங்கள் ராயபுரம் ஆபீசுக்கும் திருவொற்றியூர் கிளைக்கும் நடுவே கேபிளை வெட்டிவிட்டார். அவ்வளவுதான்! சரக்குப் பேப்பர் வராமல் கிளை வாசலில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டின. நெட்வொர்க் பொறுப்பு என் தலையில். மேனேஜர் முறைத்தார்.

கொடுமை என்னவென்றால், எண்ணூர் கிளையிலிருந்து இரண்டு பக்கமும் லைன் இருந்தது. அப்படிச் சுற்றிப் போயிருக்கலாம். ஆனால், தகவலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்யும் பெட்டியான ரவுட்டரில் நான் கையால் எழுதி வைத்தது ஒரே ஒரு வழி. வேறு வழி அதற்குத் தெரியாது.

டீக்கடையில் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். லாரி டிரைவர் அண்ணன் ஒருவர் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"இன்னா தம்பி, எக்ஸ்பிரஸ் ரோடு ஜாம்னா எதிர்ல வர்றவன் கையாட்டி சொல்லிடுவான். மணலி பக்கம் திருப்பிக்குவோம். ஓனருக்கா போன் போட்டுக்கினு இருப்போம்?"

அதேதான் சார், டைனமிக் ரவுட்டிங்!

இதில் 'ரிப்' என்று ஒரு ரகம். பக்கத்து ரவுட்டர் சொல்வதை அப்படியே நம்பும். 30 விநாடிக்கு ஒரு தரம் தன் பட்டியலையும் சொல்லும். எத்தனை ரவுட்டர் தாண்ட வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. ரோடு அகலமா, சந்தா என்று பார்க்காது. 15 வரைதான் எண்ணும். 16 என்றால் 'போக முடியாது'!

'ஓ.எஸ்.பி.எஃப்.' விவரமான ஆள். ஆபீஸ் நெட்வொர்க்கில் வழக்கமாக 10 விநாடிக்கு ஒரு 'ஹலோ' சொல்லும். பக்கத்து ரவுட்டரிடமிருந்து 40 விநாடி சத்தமே இல்லையென்றால், ஆள் அவுட்! செய்தி கைமாறி எல்லா ரவுட்டருக்கும் போகும. எல்லோரிடமும் ஒரே மேப். அதை வைத்து அவரவர் இடத்திலிருந்து செலவு குறைந்த வழியை அவரவரே கணக்குப் போடுவார்கள்.

அந்தக் கணக்கு ஹாலந்துக்காரர் டைக்ஸ்ட்ரா போட்டது. 1956-ல் வருங்கால மனைவியோடு ஆம்ஸ்டர்டாமில் ஷாப்பிங் போனவர், களைத்துப்போய் காபிக் கடையில் உட்கார்ந்தார். பேப்பர், பென்சில் இல்லாமல் 20 நிமிஷத்தில் யோசித்து முடித்தார். நாமும்தான் ஷாப்பிங் போகிறோம்!

அந்த வாரமே மூன்று ரவுட்டரிலும் ஓ.எஸ்.பி.எஃப். போட்டேன். அடுத்த மழைக்கு முன் மறுபடி தோண்டினார்கள். மறுபடி வெட்டினார்கள். ஒரு நிமிஷத்துக்குள் தகவல் எண்ணூர் வழியாகத் திரும்பியது. ஒரு லாரிகூட நிற்கவில்லை. டிரைவர் அண்ணனுக்கு ஸ்பெஷல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மேனேஜருக்குக் கேபிள் அறுந்ததே தெரியாது. இன்க்ரிமென்ட் கேட்கப் போனபோது அவர் சொன்னார்:

"எல்லாம்தான் தானா ஓடுதே, உனக்கு என்னய்யா வேலை?"