பண்டிகை நாளில் தேர்வு வந்தால்: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மாணவருக்கு உள்ள வழிகள்

2025 அக்டோபர் 2, வியாழக்கிழமை. அன்று விஜயதசமி. யூதர்கள் ஆண்டிலேயே மிகப் புனிதமாகக் கருதும் உபவாச நாளான யோம் கிப்பூரும் அதே நாளில்தான் வந்தது. அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்களிலோ மிட்டெர்ம் தேர்வுகள் நெருங்கிவரும் சாதாரண வேலை நாள் அது. வகுப்பு நடக்கும், ஆய்வகம் நடக்கும், தேர்வும் நடக்கலாம்.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு அங்கே போகிறவர்களுக்கு இது புதிய அனுபவம். இங்கே தீபாவளி, பொங்கல், ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்துமஸ் எல்லாம் அரசு விடுமுறைப் பட்டியலிலேயே இருக்கின்றன. மாணவர் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அங்கே அவரவர் வாய்திறந்து கேட்க வேண்டும். முறையாகக் கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். எதை, எப்போது, யாரிடம் கேட்பது என்பது தெரியாமல்தான் பல பிள்ளைகள் பண்டிகையை விட்டுவிடுகிறார்கள், அல்லது மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள். இரண்டில் எதையும் விட வேண்டியதில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஏன் கேட்க வேண்டியிருக்கிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழக நாட்காட்டி மதச்சார்பற்றதாகத் தோன்றும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பொதுவாக வகுப்பு இருக்காது. டிசம்பர் 25 குளிர்கால விடுமுறைக்குள் வந்துவிடும். அதனால் பெரும்பாலான கிறிஸ்தவ மாணவர்கள் முக்கியமான நாட்களுக்காக யாரிடமும் அனுமதி கேட்க நேர்வதில்லை. யூதர், முஸ்லிம், இந்து, சீக்கியர், ஜைனர், பஹாய் மாணவர்களின் நாட்கள் செமஸ்டருக்கு நடுவே வந்து விழுகின்றன. கிறிஸ்தவர்களிலும் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினருக்கும், வேறு தேதியில் ஈஸ்டர் கொண்டாடும் ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கும் இதே சிக்கல் உண்டு. 2026இல் மேற்கத்திய சபைகளின் ஈஸ்டர் ஏப்ரல் 5. ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் ஏப்ரல் 12.

எல்லா மதங்களின் நாட்களுக்கும் பல்கலைக்கழகத்தை மூடினால் சுமார் 15 வாரச் செமஸ்டரில் பாடம் முடியாது. அதனால் பல்கலைக்கழகம் திறந்திருக்கும். கடைப்பிடிக்கும் மாணவருக்கு மட்டும் மாற்று ஏற்பாடு செய்யப்படும். இதைச் சலுகை என்று நினைத்துத் தயங்குகிறவர்கள் உண்டு. நாட்காட்டி ஏற்கனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வால் ஒரு மாணவருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வதுதான் இந்த ஏற்பாடு.

சட்டம் என்ன சொல்கிறது?

மாணவர்களின் மதநாள் விடுப்புக்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான தனிச்சட்டம் எதுவும் அங்கே இல்லை. அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் மதச் சுதந்திரத்தைக் காக்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசையும் அரசுப் பல்கலைக்கழகங்களையும்தான், தனியார் பல்கலைக்கழகங்களை அல்ல. ஆகவே உங்கள் கல்லூரி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே நிலைமை மாறும்.

நியூயார்க் மாநிலத்தின் கல்விச் சட்டம் 224-ஏ பிரிவு விரிவானது. மத நம்பிக்கை காரணமாக ஒரு குறிப்பிட்ட நாளில் வகுப்புக்கோ தேர்வுக்கோ வர முடியாத மாணவரை அதற்காக நீக்கக் கூடாது. சேர்க்க மறுக்கவும் கூடாது. தவறிய தேர்வையும் பாடவேலையையும் முடிக்கச் சமமான வாய்ப்புத் தர வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. வெள்ளி மாலை 4 மணிக்குப் பிறகோ சனிக்கிழமையோ வகுப்பும் தேர்வும் வைத்தால், இயன்றவரை வேறொரு நாளிலும் அவற்றுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக மாணவருக்கு எந்தப் பாதிப்பும் வரக் கூடாது. மீறினால் மாணவர் நீதிமன்றத்துக்கே போகலாம். மாநிலம் அங்கீகரித்த தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தும்.

மாசசூசெட்ஸ் சட்டமும் இதே வழியில் செல்கிறது. ஆனால் மாற்று ஏற்பாடு கல்வி நிறுவனத்துக்கு நியாயமற்ற சுமையாகிவிடக் கூடாது என்ற நிபந்தனை அதில் உண்டு. டெக்சஸில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான சட்டம், புனித நாளைக் கடைப்பிடிப்பதோடு அதற்காகப் பயணம் செய்யும் நேரத்தையும் சேர்த்தே விலக்கு அளிக்கிறது. வேறொரு ஊரில் இருக்கும் கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்த்தான் பண்டிகையைக் கொண்டாட முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

வாஷிங்டன் மாநிலம் 2019இல் ஒரு படி மேலே போனது. மதநாளில் வர முடியாதவர்களை மட்டுமல்ல, மதக் கடமையால் அந்த நாட்களில் கடும் சிரமத்துக்கு உள்ளாகும் மாணவர்களையும் அந்தச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வகுப்புக்கு வருவார், ஆனால் நோன்பிருப்பார் என்ற நிலையும் இதில் அடங்கும். பாடம் தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் மாணவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்த வழி இருக்கிறது என்ற தகவலை ஆசிரியர் சிலபஸிலேயே தர வேண்டும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை அளிக்கும் சட்டம் 2023இல் கையெழுத்தானது. அது நகரத்தின் அரசுப் பள்ளிகளுக்கானது. பக்கத்துத் தெருவில் இருக்கும் பல்கலைக்கழகம் அன்று திறந்திருக்கலாம்.

விடுப்பு கிடைத்தால் மட்டும் போதுமா?

போதாது. பல வகுப்புகளில் வருகைப் பதிவே எடுப்பதில்லை. ஒரு நாள் வராவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அன்று நடந்த தேர்வும், வினாடிவினாவும், ஆய்வகமும், சமர்ப்பிக்க வேண்டிய அசைன்மென்டும் என்னவாகின்றன என்பதுதான் கேள்வி. நியூயார்க் சட்டத்தில் வரும் சமமான வாய்ப்பு என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் சில தீர்வுகளும் இந்த அளவுகோலில் தேறுவதில்லை. பத்து வினாடிவினாக்களில் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒன்றை எல்லோருக்கும் கழித்துவிடும் வழக்கம் உண்டு. ‘தீபாவளியன்று தவறியதையே அந்தக் கழிவில் வைத்துக்கொள்’ என்று ஒரு பேராசிரியர் சொல்லலாம். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் மற்ற மாணவர்கள் காய்ச்சலுக்கோ, சரியாகப் படிக்காத ஒரு வாரத்துக்கோ அந்தக் கழிவைக் கையில் வைத்திருப்பார்கள். பண்டிகை கொண்டாடியவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

மிட்டெர்மை ரத்துசெய்து அதன் எடையை இறுதித் தேர்வில் ஏற்றுவதும் இப்படித்தான். மற்றவர்களுக்கு இரண்டு வாய்ப்பு, இவருக்கு ஒன்றே ஒன்று. மாற்றுத் தேர்வை முதல் தேர்வைவிடக் கடினமாக வைப்பதும், பண்டிகை முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கே வைப்பதும் சமமான வாய்ப்பு ஆகாது. அதே அளவு கடினமான தேர்வு, தயார் செய்ய நியாயமான அவகாசம், அதே எடை ஆகிய மூன்றையும்தான் மாணவர் எதிர்பார்க்கலாம்.

மாணவர் பக்கத்திலும் எல்லை உண்டு. பாடத்தின் அடிப்படையான பகுதி ஒன்றைச் செய்யாமலே விட்டுவிட அனுமதி கேட்க முடியாது. மருத்துவமனைப் பயிற்சி, குழுவாகச் செய்யும் ஆய்வகம் போன்றவற்றில் நாளை மாற்றிக் கேட்கலாம். வேலையையே தவிர்க்க முடியாது.

ஒரு நாள் விடுப்புக்குள் அடங்காதவை

ரமலான் ஒரு மாதம். இஸ்லாமிய ஆண்டு சந்திரக் கணக்கு என்பதால் நோன்பு மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னதாக வரும். 2025இல் மார்ச் 1 அன்று தொடங்கியது. 2026இல் பிப்ரவரிக்கு வந்துவிட்டது. நோன்பாளிக்கு ஒரு மாத விடுப்பு தேவையில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் தேர்வு வந்தால் அதைக் காலைக்கு மாற்றித் தருவது, விடுதி உணவகம் மூடிய பிறகு இஃப்தாருக்கும் சஹருக்கும் உணவைக் கட்டிக்கொடுப்பது, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தோடு மோதாத ஆய்வகப் பிரிவில் இடம் தருவது போன்ற சிறிய ஏற்பாடுகளே பெரிய வித்தியாசம் செய்யும்.

யூதர்களின் சப்பாத் வெள்ளி சூரிய அஸ்தமனத்தில் தொடங்கிச் சனி இரவு முடிகிறது. மரபை முழுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் அந்த நேரத்தில் எழுத மாட்டார்கள், மின்சாதனங்களை இயக்க மாட்டார்கள். ‘வர வேண்டாம், வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுது’ என்று சொல்வது அவர்களுக்குத் தீர்வே அல்ல. மின்னணு அட்டை காட்டினால் மட்டும் திறக்கும் விடுதிக் கதவுகூட அவர்களுக்குத் தடைதான். யூதப் பண்டிகைகளும் முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடும் என்பதால், அந்த மாலை நேரத் தேர்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எந்தத் தேதியைக் கேட்பது?

தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நாம் தீபாவளியை நரக சதுர்த்தசி அதிகாலையில் கொண்டாடுகிறோம். பல்கலைக்கழகத்தின் மத நாட்காட்டியில் வட இந்திய வழக்கப்படி அமாவாசை மாலை லட்சுமி பூஜை நாள் இருக்கலாம். இரண்டுக்கும் சில ஆண்டுகளில் ஒரு நாள் வித்தியாசம் வரும். நேர வேறுபாட்டால் அமெரிக்க ஊர்களுக்குக் கணிக்கப்படும் பஞ்சாங்கத்தில் திதி மாறுவதும் உண்டு. நாட்காட்டியில் இருக்கும் தேதியைப் பார்த்து அப்படியே எழுதாமல், நீங்கள் எந்த நாளில் கொண்டாடுகிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

பட்டியலில் இல்லாத நாளைக் கேட்க முடியுமா? கேட்கலாம். நம்பிக்கை உண்மையானதா என்பதே முக்கியம். அது எல்லோருக்கும் தர்க்கமாகத் தோன்ற வேண்டும் என்பதோ, அந்த மதத்தார் அனைவரும் அப்படியே செய்ய வேண்டும் என்பதோ இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981இல் தாமஸ் வழக்கில் சொன்னது. குறிப்பிட்ட சபையில் உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 1989இல் ஃபிரேஸி வழக்கில் சொன்னது. இரண்டும் வேலையிழந்தோர் உதவித்தொகை பற்றிய வழக்குகள். ஆனாலும் இந்தக் கருத்து பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. இந்துக்களில் பெரும்பாலோருக்குக் கோயில் உறுப்பினர் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது என்பதால் இது நமக்கு முக்கியமானது.

பெருநாள் பிறை பார்த்து முடிவாகும் முஸ்லிம் மாணவர்கள் அடுத்தடுத்த இரண்டு தேதிகளையும் குறிப்பிட்டு, ‘பிறை தெரிந்ததும் உறுதி செய்கிறேன்’ என்று எழுதலாம். பொங்கல் ஜனவரி நடுவில் வருவதால் பெரும்பாலும் விடுமுறையிலோ செமஸ்டரின் முதல் வாரத்திலோ விழும். செமஸ்டர் திறக்கும் முன்பே அதற்கு எழுதிவிடுவது நல்லது.

எப்படிக் கேட்பது?

முதல் வாரத்தில் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் எடுத்து, தேர்வுத் தேதிகளை உங்கள் பண்டிகை நாட்களோடு ஒப்பிடுங்கள். பல்கலைக்கழகத்தின் விதியில் கடைசித் தேதி, தனிப் படிவம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். பிறகு மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரில் பேசியிருந்தாலும் எழுத்தில் ஒரு பதிவு இருக்கட்டும்.

மின்னஞ்சலில் நான்கு செய்திகள் போதும்:

- பண்டிகையின் பெயர், நாள், தேவைப்படும் நேரம்.
- அந்த நாளில் தவறப்போகும் வகுப்பு அல்லது தேர்வு.
- நீங்கள் கேட்கும் மாற்று: முன்கூட்டியே எழுதுவதா, பிறகு எழுதுவதா.
- தவறிய பாடத்தை எப்படி ஈடுகட்டப் போகிறீர்கள்.

பண்டிகையின் வரலாற்றையோ தத்துவத்தையோ விளக்க வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். பேராசிரியர் ஒப்புக்கொண்டதும் மாற்றுத் தேர்வின் தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுத்தில் உறுதிசெய்து கொள்ளுங்கள்.

மறுத்தால், முதலில் பல்கலைக்கழக விதியைச் சுட்டிக்காட்டிப் பணிவாக மீண்டும் எழுதுங்கள். விதி தெரியாததால் மறுக்கும் பேராசிரியர்கள் உண்டு. அதன்பிறகு துறைத் தலைவர், டீன் அலுவலகம், சமவாய்ப்பு அலுவலகம் என்று படிப்படியாகப் போகலாம். தேர்வுக்கு முந்தின இரவு அனுப்பும் மின்னஞ்சலை வைத்துக்கொண்டு எந்த அலுவலகமும் உதவுவது கடினம். மூன்று வாரத்துக்கு முந்தைய மின்னஞ்சல் கையில் இருந்தால் உங்கள் நிலை வலுவாக இருக்கும்.

சம்பளம் வாங்கும் மாணவர்களுக்கு

டீச்சிங் அசிஸ்டென்டாக வேலை செய்யும் மாணவருக்கு இரண்டு முகங்கள். மாணவராக எடுக்கும் விடுப்பு மேலே சொன்ன வழியில் போகும். வகுப்பெடுக்க வேண்டிய நாளில் விடுப்பு வேண்டுமென்றால் அது பணியாளர் விவகாரம். அங்கே 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி துணைக்கு வருகிறது. மறுக்கும் முதலாளி, அந்த ஏற்பாடு தன் பணிக்குக் கணிசமான சுமையாகும் என்று காட்ட வேண்டும் என 2023இல் கிராஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த ஒரு தபால் ஊழியரின் வழக்கு அது. நடைமுறையில், சக அசிஸ்டென்டோடு வகுப்பை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை நீங்களே முன்வைத்தால் எளிதாக முடியும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

‘மார்க்தான் முக்கியம், பண்டிகையை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று பெற்றோர் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தனியாக ஒரு தூரதேசத்தில் இருக்கும் பிள்ளைக்கு, நண்பர்களோடு விளக்கேற்றி, கோயிலுக்கோ மசூதிக்கோ தேவாலயத்துக்கோ போய்வரும் அந்த ஒரு நாள், வரப்போகும் மாதங்களைத் தாங்கும் பலத்தைத் தரும். படிப்புக்கும் அது நல்லதே. அதனால் அடுத்த முறை போனில் பேசும்போது, தீபாவளிக்கோ பெருநாளுக்கோ தேர்வு ஏதாவது வருகிறதா, பேராசிரியருக்கு எழுதியாகிவிட்டதா என்று கேளுங்கள். செமஸ்டரின் முதல் வாரத்திலேயே கேட்டால், செய்ய வேண்டியதைச் செய்ய நேரம் தாராளமாக இருக்கும்.