ஐந்து நிமிடப் படமும் ஒரு கேள்வியும்

ஓர் அலுவலகம். சிறு சாளரத்தின் இப்புறம் மனிதர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்கள். உழைத்து ஓய்ந்த உடலுக்கு அரசு தரும் உதவித்தொகையை நாடி வந்தவர்கள். அப்புறம் எழுத்தர்கள். வந்தவர் ஒரு தாளை நீட்டுகிறார். அதில் ஏதோ ஒன்று குறைகிறது. இன்னொரு சான்று வேண்டும், வேறொரு படிவத்தை நிரப்ப வேண்டும் என்கிறது உள்ளிருந்து வரும் குரல். அவர் விலகுகிறார்; அடுத்தவர் முன்னே வருகிறார். இவ்வளவுதான் கதை. கதை என்று சொல்வதுகூடப் பிழை, எவரும் நடிக்கவில்லை.

போலந்து நாட்டின் வூச் நகரத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற மாணவர் ஒருவர் 1966ஆம் ஆண்டில் எடுத்த ஆவணப்படம் இது. பெயர் 'அலுவலகம்'. கறுப்பு வெள்ளைப் படம். ஓடும் நேரம் ஐந்தாறு நிமிடங்களே. மாணவரின் பெயர் கிறிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி. பின்னாளில், 1980களின் இறுதியில், பத்துக் கட்டளைகளை அடியொற்றிப் பத்துப் படங்கள் கொண்ட தொடரைப் போலந்துத் தொலைக்காட்சிக்கென உருவாக்கியவர் என்றால் நம் வாசகருள் சிலருக்கு நினைவு வரலாம்.

காட்சித் தொடர்பியல் பயிலும் பிள்ளைகள் இன்று, "ஐந்து நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்து வருக" என்று ஆசிரியர் பணித்தவுடன், கைப்பேசியும் கையுமாகப் பாட்டியின் முன்னே வந்து நிற்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். அப்பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் இப்பழைய படத்தின் வரலாறு பயன்படக்கூடும் என்று தோன்றியதால் இதை எழுதத் துணிந்தேன்.

கீஸ்லோவ்ஸ்கி 1941இல் வார்சாவில் பிறந்தவர். தந்தை காசநோயாளி, சிகிச்சைக்காகக் குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. பதினாறு வயதில் தீயணைப்போர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, சீருடையும் கட்டுப்பாடும் தமக்கு ஒவ்வாதவை என்று மூன்றே மாதங்களில் வெளியேறினார். பின்பு நாடகத் தொழில்நுட்பம் கற்றார். வூச் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை இடம் பெற்றபோது ஆண்டு 1964. இருமுறை தோற்றவர் என்பதைத் தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒருமுறை உரக்கப் படித்துக்காட்டலாம்.

அக்கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் ஒருவர் காசிமியேஷ் கராபாஷ். இவர் 1960இல் 'இசைக்கலைஞர்கள்' என்றொரு படம் எடுத்திருந்தார். பத்து நிமிடப் படம். வார்சாவின் டிராம் வண்டித் தொழிலாளர்கள் வேலை முடிந்தபின் ஒன்றுகூடி ஊதுகுழல் இசை பயில்கிறார்கள். முதியவர் ஒருவர் கோலை அசைத்துத் திருத்துகிறார். விளக்கவுரை எதுவும் கிடையாது. தொழிற்கூடத்தின் இரைச்சலில் தொடங்கும் படம் மெல்ல மெல்ல இசைக்கு வந்து சேர்கிறது. உலகெங்கும் பெயர் பெற்ற பிறகும் கீஸ்லோவ்ஸ்கி, தம் மனத்துக்குகந்த பத்துப் படங்களைக் கூறும்படி 1992இல் ஓர் ஆங்கிலத் திரைப்பட இதழ் கேட்டபோது, தம் ஆசிரியரின் இச்சிறு படத்தையும் அப்பட்டியலில் வைத்தார்.

ஆவணப்படத்தைத் திட்டமிடுவது என்றால் என்ன? நடக்கப்போவதை முன்கூட்டி எழுதிவிட முடியாது. எழுதினால் அது நாடகம். முடிவதெல்லாம் இடத்தைத் தேர்வதும், எதைக் காணப்போகிறோம் என்று தெளிவதும், அங்கே பொறுமையாகக் காத்திருப்பதும்தான். 'வறுமை', 'முதுமை', 'சுற்றுச்சூழல்' என்று மாணவர் பெருந்தலைப்புகளைப் பிடித்துக்கொள்வதே முதற்பிழை என்பது என் எண்ணம். கீஸ்லோவ்ஸ்கி 'அரசும் குடிமக்களும்' என்று தலைப்பிடவில்லை. ஒரு சாளரத்தைத் தேர்ந்துகொண்டார். அத்தேர்வில் ஒரு நுட்பம் உண்டு. சாளரத்தின் முன் நடப்பது நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் நடப்பது. ஒருவர் தாள் நீட்டுவதைக் காமிரா தவறவிட்டால், அடுத்தவர் நீட்டும்போது எடுத்துக்கொள்ளலாம். "ஐயா, இன்னொருமுறை நீட்டுங்கள்" என்று எவரையும் நடிக்கச் சொல்ல வேண்டியதில்லை. டிராம் தொழிலாளர் இசைப் பயிற்சியும் அத்தகையதே. பயிற்சி என்றாலே திரும்பச் செய்வதுதானே!

அக்காலத்தில் சிக்கனமும் ஓர் ஆசான். திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஐந்து நிமிடத்துக்கு 7,200 படங்கள். 35 மில்லிமீட்டர்ச் சுருளில் அது ஏறத்தாழ 137 மீட்டர் நீளம். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று பதினொரு நிமிடங்களில் ஓடி முடிந்துவிடும். ஆதலின் பொத்தானை அழுத்துமுன் ஒருமுறைக்கு இருமுறை சிந்தித்தார்கள். கைப்பேசியில் இரண்டு மணி நேரம் எடுத்துவிட்டு, "இதில் எங்கோ ஒரு படம் இருக்கும்" என்று நம்பும் வழக்கம் அன்று இயலாதது. இன்றைய மாணவரும் தமக்குத் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொள்வது நல்லது. ஐந்து நிமிடப் படத்துக்கு ஐம்பது நிமிடப் பதிவு என்று வைத்துக்கொண்டால், தொகுக்க உட்காரும் இரவில் கண்ணீர் விட வேண்டியிராது.

'அலுவலகம்' படத்தில் காமிரா முகங்களையும் கைகளையும் அருகிருந்து காண்கிறது. வரிசையில் நிற்பவரின் முகம், கேள்வி புரியாத கண்கள், தாளைப் பற்றிய விரல்கள். குரல்கள் காட்சியோடு ஒட்டி வருவதில்லை. பேசுபவர் ஒருவர், நாம் பார்க்கும் முகம் வேறொருவருடையது. ஒலியும் காட்சியும் தனித்தனியே நடக்கின்றன. பேசும் வாயைக் காட்டியிருந்தால் அது ஒருவரின் வழக்காக நின்றிருக்கும். கேட்கும் முகத்தைக் காட்டியதால் அவ்வரிசையில் நிற்கும் அனைவரின் நிலையும் ஆயிற்று.

படத்தொகுப்பின் ஆற்றல் கடைசிக் காட்சியில் விளங்குகிறது. படிவத்தில் எழுதவேண்டியது என்னவென்று எழுத்தர் விளக்குகிறார்: தம் வாழ்நாள் முழுவதும் என்ன செய்தார் என்பதை மனுதாரர் எழுத வேண்டுமாம். நாள்தோறும் எத்தனையோ முறை, எவ்விதக் கருத்துமின்றிச் சொல்லப்படும் சொற்கள் அவை. அச்சொற்கள் ஒலித்துக்கொண்டிருக்க, திரையில் தோன்றுவது அடுக்கடுக்காகக் கோப்புகள் நிறைந்த அலமாரிகள். குரல் மீண்டும் அதையே கேட்கிறது. அலமாரிகள் தொடர்கின்றன. ஓய்வூதியப் படிவத்தின் ஒரு வரி, பார்க்கும் நம்மை நோக்கிக் கேட்கப்படும் கேள்வியாக மாறிவிடுகிறது. பொய்யாக ஒன்றும் சேர்க்கப்படவில்லை. குரலும் உண்மை, அலமாரியும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் மாணவரின் வேலை.

ஆனால் இதே ஆற்றலில்தான் அபாயமும் இருக்கிறது. சாளரத்துக்கு அப்புறம் இருந்த எழுத்தரும் ஒரு குடும்பத்துப் பெண்மணிதானே? பகல் முழுவதும் அதே கேள்வியைக் கேட்டு அலுத்தவர். ஐந்து நிமிடப் படத்தில் அவர் கல்நெஞ்சராகத் தோன்றுவது முழு நீதியா? இக்கேள்விக்கு அம்மாணவர் அன்று விடை கண்டாரா என்று சொல்வதற்கில்லை. ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகள் இக்கேள்வி அவரை விட்டுவைக்கவில்லை என்பதற்கு அவருடைய படங்களே சான்று.

1974இல் 'முதல் காதல்' எடுத்தார். கருவுற்ற பதினேழு வயதுப் பெண்ணையும் அவளை மணந்த இளைஞனையும், குழந்தை பிறக்கும் வரையில் மாதக்கணக்கில் காமிரா பின்தொடர்ந்தது. இடையே ஒரு காவலர் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கு வந்து, முறைப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று விசாரிக்கும் காட்சி உண்டு. அந்தக் காவலரை ஏற்பாடு செய்தவர் தாமே என்று கீஸ்லோவ்ஸ்கி பின்னர் ஒப்புக்கொண்டார். நிறைமாதத்தை நெருங்கிய பெண்ணை அச்சுறுத்தியாவது ஒரு காட்சி பெற வேண்டுமா? குழந்தை பிறந்தபின் அவ்விளைஞன் கண்ணீர் விட்டதையும் காமிரா பதிவு செய்தது. மெய்யான கண்ணீரைக் கண்டு தாம் அஞ்சியதாகவும், அதைப் படம் பிடிக்கத் தமக்கு உரிமையுண்டா என்று தெரியவில்லை என்றும் அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

1977இல் தொழிற்சாலைக் காவலாளி ஒருவரைப் பற்றிய படம். மனிதரைவிட விதிகளே பெரியவை என்று நம்பும் அவர், தம் கொள்கைகளைக் காமிராவின் முன் பெருமிதத்தோடு விளக்குகிறார். பார்ப்பவர்க்கு நகைப்பும் நடுக்கமும் ஒருங்கே எழும். அப்படத்தைத் தொலைக்காட்சியில் காட்டலாகாது என்று தடுத்தவர் அதை எடுத்தவரே. அண்டை அயலார் பார்த்தால் அம்மனிதர் தெருவில் தலைகாட்ட முடியாமற் போகும் என்பதே காரணம். ஒப்புதல் தந்துதான் பேசினார், உண்மைதான். தாம் எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா?

1979இல் வெளிவந்த 'அமெச்சூர்' என்ற கதைப்படத்தில் இதையே கதையாக்கினார். பிறந்த குழந்தையைப் படம் பிடிக்கவென்று 8 மில்லிமீட்டர்க் காமிரா வாங்கும் தொழிலாளி ஒருவன், கண்டதையெல்லாம் எடுக்கத் தொடங்குகிறான். நல்லெண்ணத்தோடு அவன் எடுத்த படத்தால் வேறொருவரின் வேலை பறிபோகிறது. அவனுடைய இல்லறமும் குலைகிறது. இறுதியில் காமிராவைத் தன்பக்கமே திருப்பிக்கொள்கிறான்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது கதையன்று. வார்சா மத்திய ரயில் நிலையத்தில் இரவு நேரங்களில் 'நிலையம்' என்ற ஆவணப்படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். பயணிகள் பொருள் வைக்கும் பூட்டுப் பெட்டிகள் அங்கே புதிதாக வந்திருந்தன. அவற்றைத் திறக்கத் தெரியாமல் மக்கள் திண்டாடுவதைக்கூடப் படமாக்கினார்கள். ஓரிரவு படப்பிடிப்பு முடிந்து திரும்பியபோது காவல்துறையினர் காத்திருந்து, எடுத்த சுருள்கள் அனைத்தையும் கைப்பற்றினர். கொலைக் குற்றத்துக்காகத் தேடப்பட்ட இளம்பெண் ஒருத்தி அந்நிலையத்துக்கு வந்திருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். சுருள்களில் அவள் இல்லை, திருப்பித் தந்துவிட்டார்கள். காமிரா வலப்புறம் திரும்பியதற்குப் பதிலாக இடப்புறம் திரும்பியிருந்தால் அவள் அகப்பட்டிருப்பாள். தாம் அறியாமலே தாம் காவல்துறையின் கையாள் ஆகியிருப்போம் என்று கீஸ்லோவ்ஸ்கி உணர்ந்தார். குற்றவாளி பிடிபடுவதில் என்ன தவறு என்று வாசகர் கேட்கலாம். குற்றவாளி பிடிபடுவது அல்ல அவரை உறுத்தியது. தாம் எடுத்த படம் யார் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்பது தம் பொறுப்பில் இல்லை என்ற அறிவே அவரை உறுத்தியது. நாளடைவில் அவர் ஆவணப்படத்தையே கைவிட்டுக் கதைப்படங்களுக்குத் திரும்பினார். 1996இல் மறைந்தார்.

பாட்டியைப் படம் பிடிக்க வரும் பேரனிடம் இவற்றையெல்லாம் சொல்லி மிரட்ட வேண்டியதில்லை. தொகுத்து முடித்த படத்தை வகுப்பில் காட்டுமுன் முதலில் பாட்டிக்குக் காட்டு, "இதை எடுத்துவிடு" என்று அவர் சொன்னால் எடுத்துவிடு என்று மட்டும் சொல்லலாம். மதிப்பெண் ஒன்றிரண்டு குறையலாம், குறையட்டும்.

அவர் அனைத்தையும் விட்டு விலகுமுன், அதே 1980இல் எடுத்த மற்றொரு படம் மாணவருக்கு ஏற்ற மாதிரி. 'பேசும் தலைகள்' என்பது அதன் பெயர். ஏறத்தாழக் கால் மணி நேரம் ஓடுவது. காமிராவின் முன் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். எல்லாரிடமும் அதே கேள்விகள்: எப்போது பிறந்தீர்கள், நீங்கள் யார், எதை மிகவும் விரும்புகிறீர்கள்? பேச்சு வராத குழந்தையில் தொடங்கி வயது வரிசையில் படம் நகர்கிறது. பள்ளிச் சிறுவர், இளைஞர், தாய்மார், தொழிலாளர், முதியோர். சிலர் உரிமையை விரும்புகிறார்கள், சிலர் நேர்மையை, சிலர் அமைதியை. கடைசியாக வருபவர் நூறு வயது மூதாட்டி. கேள்வி அவர் காதில் சரியாக விழவில்லை, மீண்டும் கேட்கிறார்கள். இன்னும் கொஞ்ச காலம் வாழ வேண்டும் என்கிறார் அவர்.