தந்தையின் உரிமையும் தந்தையின் கடமையும்

தெமட்டகொடையில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இரு தாய்மாரை எண்ணிக்கொள்வோம். ஒருத்தியின் திருமணம் பதிவாளரின் புத்தகத்தில் உண்டு. மற்றவளின் உறவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருவரும் கைவிடப்பட்டவர்கள். பிள்ளை தம்முடன் இருக்க வேண்டும், அதற்குத் தாபரிப்புப் பணமும் வேண்டும் என்பதே இருவரது வேண்டுகோள். சட்டம் மனைவிக்கே துணை நிற்கும் என்பது பொதுவான எண்ணம். அது பாதியளவே சரியாகும்.

கட்டுக்காவலை முதலில் நோக்குவோம். தேசவழமை பெரிதும் சொத்துப் பற்றியதாகலின், இவ்விடயத்தில் கொழும்புத் தமிழர் பொதுவாக உரோம டச்சுச் சட்டத்துக்கே உட்படுவர். (முஸ்லிம்களின் சட்டமும் காதி நீதிமன்றமும் தனிக் கட்டுரைக்கு உரியன.) அச்சட்டத்தின்படி திருமணத்துட் பிறந்த பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலன் தந்தை, கட்டுக்காவலில் முதலுரிமையும் அவனுக்கே. பிள்ளையின் நலனை முன்னிறுத்தி நீதிபதிகள் இவ்வுரிமையைப் படிப்படியாகத் தளர்த்தி வந்துள்ளனர். ஆயினும், தொடக்கத்தில் துலாக்கோல் சாய்ந்திருந்தது தந்தையின் பக்கமே.

திருமணமின்றிப் பிறந்த பிள்ளையின் நிலை இதற்கு நேர்மாறானது. தாயைப் பொறுத்தவரை எப்பிள்ளையும் முறைகேடானதன்று என்பது பழைய ஒல்லாந்தச் சட்டக் கொள்கை. பாதுகாவலும் கட்டுக்காவலும் அவளுக்கே உரியன. இதனைப் பெண்ணுக்கு அளித்த மதிப்பெனக் கொள்வதற்கில்லை. பிள்ளையின் பொறுப்பிலிருந்து ஆணை விலக்கிவைத்ததன் மறுபக்கமே இது என்பது எமது கருத்து.

தாபரிப்பில் அது வெளிப்படுகின்றது. 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மணமாகாத தாயின் சாட்சியத்தை வேறு சான்று உறுதிப்படுத்த வேண்டும் என்றது. தந்தை அதற்கிடையில் பணம் எதுவும் கொடுத்திராவிடின், பிள்ளை பிறந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் அவள் வழக்கிட வேண்டும் என்றும் விதித்தது. மறைவில் நிகழ்ந்த உறவுக்குச் சாட்சி எங்கிருந்து வரும்? பிறப்புப் பதிவும் உதவாது. இருவரும் கூடிக் கேட்டாலன்றித் தந்தையின் பெயர் அதில் இடம்பெறாது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்த இச்சட்டத்தை 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் நீக்கியது. புதிய சட்டத்தில் பெற்றோர் இருவருமே பொறுப்புடையர். எனினும் மணமின்றிப் பிறந்த பிள்ளைக்கு, நீதவான் நிறைவுறுமளவுக்கு வலுவான சான்று இன்றும் வேண்டும்.

கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத மூன்றாமவளின் இக்கட்டே பெரிது. பதிவு, திருமணத்துக்குச் சிறந்த சான்றேயன்றி ஒரே சான்றன்று. வழக்காற்று மணத்தையும் நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. அதனை நிறுவினால், 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு அவளுக்குத் துணையாகும். தந்தைமையை மறுக்கும் சுமை கணவனைச் சேரும். ஆனால் அதே மணம் அவனுக்குக் கட்டுக்காவலில் முதலுரிமையையும் தேடித்தரும். பணத்துக்காக மணத்தை நிறுவுவதா, பிள்ளைக்காக அதனைச் சொல்லாது விடுவதா என்ற கேள்வியை ஏழைப் பெண்ணொருத்தி எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

வழக்குகளும் இரண்டு. தாபரிப்புக்கு மாளிகாகந்தை நீதவான் நீதிமன்றம். கட்டுக்காவலுக்குப் புதுக்கடையிலுள்ள மாவட்ட நீதிமன்றம். நாட்கூலிக்காரிக்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாட் சம்பளம்.

கட்டளை கிடைத்த பின்னரும் வேறுபாடு தொடர்கின்றது. தெமட்டகொடைப் புகையிரதத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பணத்தைக் கழிப்பிக்கலாம். முச்சக்கர வண்டி ஓட்டுபவனுக்கு மாதச் சம்பளம் இல்லை, எஞ்சுவது சிறைத்தண்டனையே. வெலிக்கடைச் சிறை அண்மையில்தான் உள்ளது. நிலுவைக்காக அங்கே அடைபட்டவன், அடைபட்டிருக்கும் நாட்களிலும் பிள்ளைக்கென எதுவும் உழைப்பதில்லை.