காணாமற்போன கணினி

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை ஒரே மலையில் அமைந்ததன்று. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை நெடுமதில் ஒன்று இணைக்கிறது. குன்றுகள் தனித்தனி, அரணோ ஒன்று. சிற்றலுவலகத்தின் கணினி வலையமைப்பும் அத்தகையதே.

செஞ்சி நெல் வணிகத்திற்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு நெல் மண்டி ஒன்றின் அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். எடைக்கணக்கு ஒரு கணினியில் பதிவாகிறது. அதைப் பார்த்தே மற்றொரு கணினியில் பணப்பட்டியல் எழுதப்படுகிறது. ஒருநாள் காலை, எடைக் கணினியின் பெயர் மற்றதன் திரையில் தென்படவில்லை. நெல்லை விற்ற உழவர்கள் பணத்திற்குக் காத்திருக்கின்றனர்.

பெயர் தென்படாமை வேறு; இணைப்பு அறுந்துபோதல் வேறு. இதை உணர்வதே முதற்படி. கோப்புறைச் சாளரத்தின் முகவரிப் பகுதியில் இரு பின்சாய்கோடுகளை இட்டு, எடைக் கணினியின் பெயரையோ எண்முகவரியையோ நேரடியாகத் தட்டச்சிட வேண்டும். பகிரப்பட்ட கோப்புகள் திறந்தால் இணைப்பு நலமே. பணி உடனே தொடரலாம். பெயரை அறிவிப்பதில் மட்டுமே பிழை உள்ளது.

கோப்புகள் திறக்கவில்லையெனில் அடியிலிருந்து ஆராய வேண்டும். கம்பிவடம் பொருந்தியுள்ளதா, இணைப்பு விளக்கு ஒளிர்கிறதா எனக் காண்க. அடுத்து எண்முகவரிகளை ஒப்பிடுக. ஒன்று 192.168.1.10 எனில், மற்றதும் பொதுவாக 192.168.1 என்றே தொடங்குதல் வேண்டும். 169.254 எனத் தொடங்கினால், அக்கணினி திசைவியிடமிருந்து முகவரி பெறவில்லை என்பது பொருள். விருந்தினருக்கான வைஃபையில் இணைந்த கணினியும் பிற கணினிகளைக் காண இயலாது போகலாம்.

முகவரிகள் சரியெனில் அமைப்புகளை நோக்க வேண்டும். விண்டோஸ் இயங்குதளம் தான் இணைந்த வலையைப் ‘பொது வலை’ எனக் கருதினால், பாதுகாப்பிற்காகத் தன்னை மறைத்துக்கொள்ளும். அலுவலக வலையைத் ‘தனி வலை’ எனக் குறித்து, வலைக் கண்டறிதலையும் கோப்புப் பகிர்தலையும் இயக்கினால் பெரும்பாலும் பெயர் தோன்றிவிடும். பெயரை அறிவிக்கும் பின்னணிச் சேவை இயங்குகிறதா என்பதையும் காண்பது நன்று.

இவ்விடத்தில் அவசரம் ஆகாது. தீயரணை முற்றிலும் நிறுத்துதல், பழைய எஸ்.எம்.பி. முதற்பதிப்பு நெறிமுறையை மீண்டும் இயக்குதல் ஆகியவற்றைச் சிலர் எளிய தீர்வாகக் கொள்வர். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல், அந்நெறிமுறையைக் கையாண்ட விண்டோஸ் மென்பொருளின் குறை வழியே புகுந்து, ஏறத்தாழ 150 நாடுகளின் கணினிகளைத் தாக்கியது. அவ்வாண்டின் இறுதியில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அந்நெறிமுறை இயல்பாக இடம்பெறுவதில்லை. அதனை நம்பியிருக்கும் விண்டோஸ் எக்ஸ்.பி. போன்ற பழைய கணினிகள் புதியவற்றின் பட்டியலில் தென்படாமைக்கு இதுவே காரணம். அவற்றை மாற்றுவதே முறை.

ஒரு வாயில் திறக்கவில்லை என்பதற்காக மதிலை இடிப்பாரில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் கண்டு, குறித்து வைத்தபின் அடுத்ததை நாடுவதே பிழை களையும் நெறி. அவ்வாறு செய்தால் காத்திருக்கும் உழவர் பணம் பெறுவார். அவருடைய கணக்கும் காக்கப்படும்.