முகாமில் பார்க்க வேண்டியது பொன்னை அன்று

கனிம ஆய்வு நிறுவனங்கள் சில, முதலீட்டாளர்களைக் காட்டு முகாமுக்கே அழைத்துச் செல்வதுண்டு. நேரில் கண்டால் ஐயம் தீரும் என்றே நாம் எண்ணுகிறோம். கண்ட பின்னும் ஏமாந்தவர்கள் பலர்.

நீலகிரியின் பந்தலூர், தேவாலா பகுதியில் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொன் மோகம் பரவியது. லண்டனில் அடுத்தடுத்து நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. பாறையில் பொன் இருந்தது உண்மையே. இலாபம் தரும் அளவில் இல்லை. நலிந்த காப்பித் தோட்டங்களைப் பெருவிலைக்கு அந்நிறுவனங்களிடம் விற்றவர்கள் பிழைத்துக்கொண்டனர். பங்கு வாங்கியவர்கள் பணத்தை இழந்தனர்.

கனடாவின் பிரே-எக்ஸ் நிறுவனம் இந்தோனேசியாவின் பூசாங் காட்டில் நடத்திய முகாமுக்குப் பங்குச் சந்தை ஆய்வாளர்களே சென்று, நிறைவுடன் திரும்பினர். பாறை மாதிரிகளில் பொன்துகள் வெளியிலிருந்து கலக்கப்பட்டது 1997-இல் அம்பலமாயிற்று. துளையிட்டு எடுக்கும் பாறைத்தண்டை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் பாதுகாப்பதே இத்தொழிலின் வழக்கம். பூசாங்கிலோ தண்டு பெரும்பாலும் முழுதாக நொறுக்கப்பட்டது. பிறர் சரிபார்க்க மறுபாதி இல்லை.

ஆகவே, முகாமுக்குச் செல்பவர் முதலில் அந்தப் பெட்டிகளைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். மாதிரிப் பைகள் எங்கே முத்திரையிடப்படுகின்றன, ஆய்வகம் வரை எவர் பொறுப்பில் செல்கின்றன, அந்த ஆய்வகம் எவருடையது என்றும் கேட்க வேண்டும். கேட்பது விருந்தோம்பலுக்கு இழுக்கு என்று கூசத் தேவையில்லை.

உரிமத்தையும் படித்துப் பார்க்கலாம். நம் நாட்டில் ஆய்வு உரிமம் வேறு, கனிமத்தை வெட்டியெடுத்து விற்க இசைவளிக்கும் சுரங்கக் குத்தகை வேறு.