கடல் கடந்து செல்லும் இசைப்பெட்டி

யாழ்ப்பாணத்து வீடுகளின் பரண்களிலும் கொழும்பு வீடுகளின் மூலை மேசைகளிலும் நெடுநாள் உறங்கிக் கிடந்த கிராமபோன்களிற் சில இப்பொழுது பயணம் புறப்படுகின்றன. தொறொன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகள், "அப்பப்பாவின் பாட்டுப்பெட்டியை எப்படியாவது அனுப்பிவிடுங்கள்" என்று கேட்கின்றனர். கேட்பது எளிது, அனுப்புவது எளிதன்று. எடிசன் 1877 இல் போனோகிராப்பைக் கண்டபொழுதும், எமில் பேர்ளினர் 1887 இல் தட்டையான தட்டிற் குரலைப் பதியும் முறைக்கு உரிமை பெற்றபொழுதும், தம் கருவி ஒரு நூற்றாண்டு கழிந்து விமானத்தின் வயிற்றிற் குலுங்கிச் செல்லும் என்று எண்ணியிருக்க மாட்டார். அஃது ஒரு மேசையில் வைத்தவிடத்தே இருந்து பாடுதற்கென ஆக்கப்பட்டது.

அனுப்புமுன் ஒன்றைத் தெளிந்து கொள்ளல் வேண்டும். கையிலுள்ளது மெய்யாகவே பழையதா? பளபளக்கும் பித்தளைக் குழலும், எண்கோணப் பெட்டியும், நாய் குழலைக் கேட்கும் படமும் உடைய 'பழைய' கிராமபோன்கள் இந்தியாவிற் பல்லாண்டுகளாகப் புதிதாகவே செய்யப்பட்டு வருகின்றன. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏதோ கைப்பெட்டிக் கிராமபோனிலிருந்து கழற்றிய பொறி. வெளியே இருப்பது அண்மைக்காலத் தகரவேலை. இத்தகையதற்கு விமானக் கூலி கொடுப்பது பித்தளையைப் பொன் விலைக்குச் சுமப்பதாகும். இயந்திரம் அறிந்த ஒருவரிடம் காட்டிய பின்னரே பெட்டி தேடுக.

இனிப் பொதிசெய்யும் முறை. கிராமபோனின் கேடு வெளியிலிருந்து வருவதினும் உள்ளிருந்தே மிகுதியாக வருகின்றது. சுழலும் தட்டம் கனமான உலோகம். நடு அச்சின்மீது பொருந்தி இருப்பதன்றி, பல இயந்திரங்களில் வேறு பிணிப்பு எதுவும் அதற்கில்லை. பெட்டி தலைகீழானால் அது கழன்று, மூடியையும் ஒலிக்கையையும் தாக்கும். எம் அயலிலிருந்து சென்ற ஓர் இயந்திரம் இவ்வாறே, மேலே ஒரு கீறலுமின்றி நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தும், உள்ளே மூடி பிளந்த நிலையிற் சென்று சேர்ந்தது. ஆகவே தட்டத்தை நேரே மேல்நோக்கித் தூக்கிக் கழற்றுக. இறுகியிருந்தால், ஒருவர் தட்டத்தை மெல்ல உயர்த்திப் பிடிக்க, மற்றவர் அச்சின் தலையை மரச்சுத்தியால் இலேசாகத் தட்டினால் விடும். இரும்புச் சுத்தி வேண்டாம்.

அதற்கும் முன்னர்ச் சுருள்வில்லைத் தளர்த்தல் வேண்டும். சாவி கொடுத்த நிலையில் அனுப்பினால், வழியில் ஓர் அதிர்ச்சியில் தடை விலகி இயந்திரம் தானே ஓடும். முறுகிய வில் உடைந்தால் அதன் விசை பற்சக்கரங்களையும் கெடுக்கும். தட்டு வையாது ஓடவிட்டு, அது தானே நிற்கும்வரை பொறுத்திருப்பதே வழி. வேகத்தை அடக்கும் கருவியில் மெல்லிய தகட்டு விற்களிற் கோத்த மூன்று சிறு குண்டுகள் உள. அவ்விற்கள் வளைந்தால் பாட்டின் சுருதியே நிலைகெடும். இயந்திரம் முழுவதும் மேற்பலகையிலிருந்து தொங்குவது என்பதையும் மறத்தல் கூடாது. பொதி ஓர் ஆள் உயரத்திலிருந்து விழுமாயின், அப்பாரம் முழுதும் பழைய மரத்திற் பதிந்த சில திருகாணிகளையே பற்றி இழுக்கும். தேர்ந்த கைகள் இருப்பின் பொறியைக் கழற்றித் தனியே பொதிக. இல்லையேல் அதன் அடியில் இறுகிய நுரைத் துண்டுகளை அணைகொடுத்து நிறுத்துக.

ஒலிப்பெட்டியைக் கழற்றித் தனியே ஒரு தகரப் பேணியிற் பஞ்சிட்டு வைக்க. முற்காலத்தனவற்றில் அதிரும் சவ்வு அப்பிரகத் தகடு; விரல்பட்டாலும் விரியும். சாவிக் கைபிடியையும் ஊசிகளையும் வேறாகச் சுற்றுக. நாக உலோகக் கலப்பிற் செய்த பழைய உறுப்புகள் உள்ளூர வெடித்திருக்கக்கூடும். அவற்றைத் திருகும்போது பலம் காட்டலாகாது. எடிசனின் உருளை இயந்திரமாயின் இன்னொன்று: மூடியின் மேலுள்ள கைபிடியை நம்பித் தூக்குதல் கூடாது. பக்கத்துக் கொளுவிகள் தேய்ந்திருப்பின், மூடி கையில் வர இயந்திரம் நிலத்திற் கிடக்கும்.

பெட்டிக்குள் பெட்டி என்பதே இத்தொழிலின் முதல் விதி. உட்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையே எப்பக்கமும் ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றர் வரை இறுகிய நுரை வேண்டும். உதிரியான றெஜிபோம் துகள்கள் பாரமான பொருளைத் தாங்கா. குலுங்கக் குலுங்க இயந்திரம் அவற்றினூடே அமிழ்ந்து அடியைத் தொடும். கசக்கிய செய்தித்தாளும் அவ்வாறே நசுங்கும். (எம் கட்டுரை வெளிவரும் தாளையே இவ்வாறு குறை கூறுவதற்கு ஆசிரியர் பொறுப்பாராக.) வைக்கோலை எண்ணவே வேண்டாம், அவுஸ்திரேலியா முதலிய நாடுகள் அதனை உள்ளே விடா. மரப்பெட்டியாயின், பலகையின் உள்நடு 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, அதற்குரிய அனைத்துலக முத்திரை குத்தப்பட்டிருத்தல் வேண்டும். ஒட்டுப்பலகைக்கு இவ்விதி இல்லை. ஆதலின் அதுவே வசதி. 'உடையும் பொருள்' என்று சிவப்பெழுத்தில் எழுதுவதாற் கெடுதல் இல்லை. ஆயினும் பொதிகளை நகர்த்தும் இயந்திரப் பட்டிக்கு எழுத்தறிவில்லை.

செலவைப் பற்றிக் கேட்போர் பெரும்பாலும் "எத்தனை கிலோ?" என்றே தொடங்குவர். அங்கேதான் ஏமாற்றம். விமானவழிப் பொதி நிறுவனங்கள் மெய்யெடை, கனவளவெடை என்னும் இரண்டிற் பெரியதற்கே கூலி கேட்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரிற் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் வருவது கனவளவெடை. விமானச் சரக்காக அனுப்பின் 6000 ஆல் வகுப்பது வழக்கம். ஊமத்தம்பூவைப் போல் விரிந்த குழல் ஒன்றை எடுத்துக் கொள்வோம். அதன் எடை இரண்டு கிலோ அளவே இருக்கும். அதனை எப்பக்கமும் 60 சென்ரிமீற்றர் உள்ள பெட்டியில் இட்டால் கணக்கு 43.2 கிலோ. அஞ்சி இன்னும் இரண்டரைச் சென்ரிமீற்றர் நுரையை ஒவ்வொரு புறமும் சேர்த்துப் பெட்டியை 65 ஆக்கினால் அது 54.9 கிலோ ஆகிவிடும். இரண்டரைச் சென்ரிமீற்றர் காற்றுக்குப் பதினொன்றேமுக்கால் கிலோ கூலி! இயந்திரத்துக்கு 60, 60, 50 அளவான பெட்டி எனின் மேலும் 36 கிலோ. ஆக ஏறத்தாழ 91 கிலோவுக்குக் கூலி கொடுத்து, இருபது கிலோவளவே அனுப்புகிறோம்.

இழப்பீட்டுக் கணக்கோ வேறு. 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைப்படி, மதிப்பைத் தனியே அறிவித்து மிகைக் கட்டணம் செலுத்தாத சரக்குக்கு, விமான நிறுவனத்தின் பொறுப்பு மெய்யெடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை என வரையறுக்கப்பட்டது. 2024 டிசம்பர் முதல் அவ்வரம்பு கிலோவுக்கு 26 சிறப்பு எடுப்புரிமை அலகுகள். கூலி வாங்கும்போது 54.9 கிலோவான குழற்பொதி, நசுங்கியபின் நான்கைந்து கிலோவாகச் சுருங்குவது இவ்வாறே. ஆதலின் தனிக் காப்புறுதி செய்யாது அனுப்புதல் அறிவுடைமையன்று. செய்யும்போது, இயந்திரம் இயங்கும் நிலையையும் ஒவ்வோர் உறுப்பையும் பொதிசெய்த படிமுறையையும் படம் பிடித்து வைத்தல் வேண்டும். 'பொதி போதாது' என்ற ஒரு சொல்லே காப்புறுதிப் பணத்தை மறுக்கப் போதும்.

கடல்வழி மலிவு, மேற்கூறிய இரு பெட்டிகளும் அரைக் கன மீற்றருக்குட்பட்டன. பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பின் கன மீற்றர்க் கணக்கிலேயே கூலி கேட்பர். பெரும்பாலும் ஒரு கன மீற்றர் குறைந்த அளவாகக் கொள்ளப்படும். எனவே குழலையும் பெட்டியையும் மட்டும் அனுப்பாது, வேறு வீட்டுப் பொருளோடு சேர்த்து அனுப்புவோர்க்கே இலாபம். சேருமிடத்துத் துறைமுகத்தில் இறக்குகூலி, ஆவணக்கூலி, சுங்க அலுவற்கூலி என வருபவை கப்பற்கூலியையும் விஞ்சலாம். அவற்றை முன்னரே எழுத்திற் கேட்டறிக. நூறாண்டு கடந்த பழம்பொருளுக்கு உலகச் சுங்க அட்டவணையில் 9706 எனத் தனித் தலைப்பு உண்டு. பல நாடுகளில் அதற்குத் தீர்வைச் சலுகையும் உண்டு. தயாரிப்புத் தொடரெண்ணையும் வயதுச் சான்றையும் இணைத்தனுப்புக. இந்தியாவிலிருந்து அனுப்புவோர் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தை முதலிற் பார்த்தல் வேண்டும். நூறாண்டு என்னும் எல்லை அங்கே ஏற்றுமதித் தடையாக நிற்கும்.

இதுகாறும் கூறியது இயந்திரத்தை. இயந்திரம் உடைந்தால் வேறொன்று கிடைக்கும். தட்டு உடைந்தாற் கிடையாமற் போகலாம். எஸ். ஜி. கிட்டப்பா 1933 இல் மறைந்தார். பேசும் படத்தில் அவர் தோன்றவில்லை. அவர் குரல் நமக்கு எஞ்சியது இசைத்தட்டுகளாலேயே. அரக்கும் கற்பொடியும் கரியும் சேர்த்து வார்த்த அத்தட்டுகள் மட்பாண்டம் போல் உடைவன. வெயிலில் அப்பளம் போல் வளைவன. பத்தங்குலத் தட்டு ஒன்று சுமார் 200 கிராம். ஒவ்வொன்றையும் புதிய காகித உறையில் இட்டு, தட்டினும் சற்றே பெரிதாக வெட்டிய நெளிமட்டைகளை இடையிடையே வைத்து, பத்துக்கு மேற்படாத கட்டாக இறுகக் கட்டி, நிலைகுத்தாக நிறுத்திப் பெட்டிக்குட் பெட்டியாகப் பொதிக. இடம் மிஞ்சுகிறதென்று குழலுக்குள்ளே தட்டுகளைச் செருகுவார் உளர், இரண்டும் கெடும்.

மெழுகு உருளைகளோ இன்னும் நொய்யன. கையின் சூடும் குளிரும் மாறிப் பட்டாலே வெடிக்கும். வெளிப்புறத்தைத் தொடாது, உட்டுளையில் இரு விரல்களை விரித்தே தூக்க வேண்டும். அத்தகைய உருளைகளும் நெடும்பயணம் பிழைத்ததுண்டு. பெர்லினில் 1900 இல் தொடங்கப்பட்ட ஒலிப்பதிவுக் காப்பகத்தின் உருளைகள் போருக்கஞ்சி 1944 இல் நகருக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டன. பின் சோவியத் படையோடு லெனின்கிராட் சென்று, 1959 இற் கிழக்குப் பெர்லினுக்கு மீண்டு, 1991 இற் பழைய காப்பகத்தோடு சேர்ந்தன. யுனெஸ்கோ 1999 இல் அத்தொகுதியை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. ஆயின் அவர்கள் மூல மெழுகை மட்டும் நம்பியிருக்கவில்லை. பலவற்றைச் செப்பு அச்சுகளாக முன்னரே படியெடுத்திருந்தனர்.

நாமும் அனுப்புமுன் ஒவ்வொரு தட்டையும் கணினியிற் பதிவு செய்தல் வேண்டும். அதன் பின்னரே பொதி கட்டுதல் தகும். அரிய தட்டு நான்கைந்தே ஆயின், பயணம் போகும் உறவினர் கைப்பையிற் கொண்டுபோதல் எல்லா நிறுவனங்களினும் நன்று. மெழுகு உருளையைக் கனடாவின் பனிக்காலத்தில் அனுப்பவே வேண்டா. சென்று சேர்ந்த பொதியை உடனே திறவாது, வீட்டின் வெப்பநிலைக்கு வரும்வரை ஒருநாள் மூடியபடி வைத்து, மறுநாள் உறுப்புகளைப் பொருத்தி, சாவியை முதலில் நாலைந்து சுற்று மட்டும் கொடுத்துத் தட்டு வையாமலே ஓடவிட்டுப் பார்க்குமாறு பெறுபவர்க்குத் தமிழில் எழுதிப் பெட்டியின் மேலேயே வைத்துவிடுக.