தகரக் கொட்டகையில் மழை ஒழுக்கைத் தடுத்தல்

கீழக்கரையைச் சுற்றியுள்ள ஊர்களில், பறித்து உலர்த்திய குண்டு மிளகாயை விலை ஏறட்டும் என்று ஐப்பசி வரை கொட்டகையில் வைத்திருப்போர் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் இது. நன்கு காய்ந்த வற்றலானாலும், கூரை மூட்டிலிருந்து இரவு முழுதும் சொட்டும் நீர் மூட்டைக்குள் இறங்கினால் பூஞ்சாணம் பிடித்துவிடும். அதில் அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாகிவிட்டால், மறுபடி வெயிலில் காய வைத்தாலும் அது நீங்குவதில்லை. ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஆவணியிலேயே கூரையைச் சோதித்துவிடுங்கள்.

நீர் சொட்டும் இடத்திற்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ண வேண்டாம். புகுந்த நீர் தகரத்தின் அடியிலும் சட்டத்தின் மீதும் ஓடி வேறிடத்தில் விழும். ஒருவர் உள்ளே சாக்கட்டியுடன் நிற்கட்டும். மற்றவர் கூரையின் தாழ்ந்த விளிம்பில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேல்நோக்கி நீர் விடட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா மூட்டுகளும் ஒருங்கே நனைந்து, எது ஒழுகுகிறது என்று தெரியாது.

பலரும் மூட்டின் மேல் சிமெண்ட் பூசுகிறார்கள். நானும் ஒருமுறை பூசி, அடுத்த மழையிலேயே ஏமாந்தேன். காரணம் எளிது. 5 மீட்டர் நீளத் தகரம், வெப்பம் 30 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். விறைப்பான சிமெண்ட் இதற்கு ஈடுகொடுக்காமல் விண்டுவிடும். எனவே இழுத்தால் நீளக்கூடிய பொருளே வேண்டும். பியூட்டைல் ஒட்டுநாடா இதற்கு ஏற்றது. சிலிக்கோன் பசை வாங்குவதானால் காடி நெடி அடிக்காத வகையாகக் கேட்டு வாங்குங்கள். நெடி அடிக்கும் வகை துத்தநாகப் பூச்சை அரிக்கும்.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று மேவும் இடத்தில்தான் தங்கும். துருவும் அங்கேதான் தொடங்கும். போல்ட்டைத் தளர்த்தி, நல்ல நீரால் உப்பைக் கழுவி, காய விட்டு, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடியுங்கள். அது உலர்ந்தபின் இரு தகரங்களுக்கும் இடையே நாடாவை வைத்துப் போல்ட்டை முடுக்குங்கள். வெளியே தடவும் பசை ஓர் ஆண்டைக் கடத்த உதவலாம், அவ்வளவே. மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மீது குறைந்தது 15 சென்டிமீட்டர் மேவியிருக்க வேண்டும்.

போல்ட் துளை நெளியின் மேட்டில் இருக்க வேண்டும்; பள்ளத்தில் இருந்தால் ஓடும் மழைநீர் அத்தனையும் அதன் வழியே போகும். வெடித்த ரப்பர் வாஷரை மாற்றுங்கள். வாஷர் பிதுங்கும்வரை முடுக்கினால் அது விரைவில் வெடிக்கும்.

புதிதாகத் தகரம் வேய்வோர் தென்மேற்கு ஓரத்தில் தொடங்கி வடகிழக்கு நோக்கி வர வேண்டும். அப்போது பருவக்காற்று மூட்டுக்குள் மழையை அடிக்காது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ துளைக்கவோ கூடாது. அத்தூசி நுரையீரலைக் கெடுக்கும். அதன்மேல் நேராகக் கால் வைக்காமல், சட்டங்களின் மேலாகப் பலகை போட்டு ஏறுங்கள்.